எந்த டிஸ்க் எங்கே இருக்கிறது? எழுதி வைத்திருக்கிறீர்களா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கப் போகும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எத்தனை ஜிபி டிஸ்க் வாங்கலாம்?" என்பதே அது. யாரும் கேட்காத கேள்வி ஒன்றும் உண்டு. "இந்த டிஸ்க் கெட்டுப் போனால் நான் என்ன செய்வேன்?" என்பது அது. முதல் கேள்விக்குக் கடைக்காரரே பதில் சொல்லிவிடுவார். இரண்டாவது கேள்விக்கான பதிலை நீங்கள்தான் தயார் செய்து வைத்துக் கொள்ள வேண்டும்.

நான் சேலத்தில் ஒரு சிறிய சாப்ட்வேர் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். எங்கள் லினக்ஸ் சர்வர் கிளஸ்டருக்கு என்ன டிஸ்க் வாங்குவது எனத் திட்டமிட்டு, வாங்கியவற்றைப் பதிவு செய்து வைப்பதும் என் வேலைகளில் ஒன்று. "வீட்டில் ஒரே ஒரு லேப்டாப் வைத்திருக்கும் எனக்கு இது எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எங்களிடம் இருக்கும் 12 டிஸ்க்குகளுக்கு எந்த விதி பொருந்துகிறதோ, அதுவே உங்கள் ஒரு டிஸ்க்குக்கும் பொருந்தும். அந்த விதியை நான் கற்றுக் கொண்டது ஒரு தவறு செய்த பிறகுதான். அதனையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கிளஸ்டர் என்றால் என்ன?

ஒரே பெரிய கம்ப்யூட்டரை வாங்குவதற்குப் பதிலாகப் பல சாதாரணக் கம்ப்யூட்டர்களை நெட்வொர்க் மூலம் இணைத்து, ஒன்று போல வேலை வாங்குவதற்குக் கிளஸ்டர் என்று பெயர். 1994ல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் ஆகிய இருவரும் 16 சாதாரணக் கம்ப்யூட்டர்களை லினக்ஸ் கொண்டு இணைத்து 'பியோவுல்ப்' என்ற கிளஸ்டரை அமைத்தனர். அப்போது சந்தையில் கிடைத்த 486 வகை பிராசசர்கள்தான் அதில் இருந்தன.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2004ல் 'கப்ரு' என்ற லினக்ஸ் கிளஸ்டர் அமைக்கப்பட்டது. இரண்டு இரண்டு ஜியான் பிராசசர்கள் கொண்ட 144 கம்ப்யூட்டர்கள் அதில் இணைந்து இயற்பியல் கணக்குகளைச் செய்தன. உலகின் வேகமான 500 கம்ப்யூட்டர்கள் பட்டியலிலும் அது இடம் பெற்றது. 144 கம்ப்யூட்டர்கள் என்றால், எந்தப் பெட்டிக்குள் எந்த உதிரிப் பாகம் இருக்கிறது என்பதை மனதிலேயே வைத்திருக்க யாராலும் முடியாது. எழுதித்தான் வைக்க வேண்டும்.

எங்களுடையது மிகச் சிறியது. மூன்றே சர்வர்கள். சேலம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் உள்ள சுமார் 40 டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்களின் லாரி ரசீதுகள், டிரிப் கணக்குகள் எல்லாம் அதில் இருக்கின்றன. தொடக்கத்தில் தரவுகள் முழுவதும் ஒரே சர்வரில்தான் இருந்தன. அதில் நான்கு டிஸ்க்குகள், 'ரெய்ட் 5' என்ற முறையில் இணைக்கப்பட்டிருந்தன.

ரெய்ட் என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க் போலக் காட்டும் முறை. 1988ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் மூவரும் வெளியிட்ட கட்டுரையில் இந்தப் பெயர் வந்தது. ரெய்ட் 5 முறையில் நான்கு டிஸ்க்குகளில் ஏதேனும் ஒன்று கெட்டாலும் மற்ற மூன்றையும் கொண்டு தரவுகளைக் கணக்கிட்டு மீட்டுவிடலாம். ஆனால் இரண்டு போய்விட்டால் அனைத்தும் நின்றுவிடும். இதனை நினைவில் வைத்துக் கொண்டு மேலே படியுங்கள்.

நான் கழற்றிய டிஸ்க்

2022 ஏப்ரல் மாதம், ஒரு சனிக்கிழமை. டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்களில் வாரக் கணக்குப் பார்த்து டிரைவர்களுக்குப் பேட்டா கொடுக்கும் நாள். காலையில் சர்வரிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. 'எஸ்டிசி' என்ற டிஸ்க் வேலை செய்யவில்லை என்றது அது. லினக்ஸில் டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி என வரிசையாகப் பெயர் கிடைக்கும்.

நானும் ஏ, பி, சி என்று எண்ணினேன். சி என்றால் மூன்றாவது. சர்வரின் முன்பக்கம் இடமிருந்து மூன்றாவதாக இருந்த டிஸ்க்கைக் கழற்றினேன். புது டிஸ்க்கை மாட்டுவதற்குள் மானிட்டரில் பிழைச் செய்திகள் கொட்டத் தொடங்கின. அடுத்த நிமிடம் போன் அடிக்க ஆரம்பித்தது.

நான் கழற்றியது நல்ல டிஸ்க். கெட்டுப் போனது இரண்டாவது இடத்தில் இருந்தது. லினக்ஸ் தரும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் டிஸ்க் செருகப்பட்டிருக்கும் இடத்தைக் குறிப்பவை அல்ல. கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கும்போது எந்த டிஸ்க் முதலில் கண்ணில் படுகிறதோ, அதற்கு முதல் எழுத்து. கேபிளை மாற்றிச் செருகினால் பெயர் மாறும். புதிதாக ஒரு டிஸ்க்கைச் சேர்த்தாலும், சில சமயம் சும்மா ரீஸ்டார்ட் செய்தாலும்கூட மாறிவிடும். ஏற்கனவே ஒன்று கெட்டிருந்தது. நான் இன்னொன்றைப் பிடுங்கினேன். ஆக, நான்கில் இரண்டு போயிற்று.

நல்ல வேளையாக, கழற்றிய டிஸ்க்கில் பழுது ஏதும் இல்லை. அதனைத் திரும்ப மாட்டி, ரெய்ட் தொகுப்பைக் கட்டாயப்படுத்திச் சேர்த்து, பைல்களைச் சோதித்து முடிக்க இரவு 11 மணி ஆகிவிட்டது. அன்று காலை பதிவான ரசீதுகளில் ஒரு பகுதி போய்விட்டது. டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்களில் காகித நகல்களைப் பார்த்து மீண்டும் டைப் செய்தார்கள். பேட்டா திங்கட்கிழமைதான் கிடைத்தது. ஒரு வாரம் லாரி ஓட்டிவிட்டு வந்தவர்கள், என்னுடைய கவனக் குறைவால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள்.

பெரியப்பாவின் டயர் நோட்டு

மறுநாள் நாமக்கல் அருகே உள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். என் பெரியப்பா முப்பது ஆண்டுகளாக லாரி வைத்திருப்பவர். திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன கண்ணு, மூஞ்சி வாடிக் கெடக்குது?" என்றார். நடந்ததைச் சொன்னேன்.

"ஏங் கண்ணு, கெட்டது எதுன்னு தெரியாமயா களட்டுவீங்க? அதுக்கு நம்பரு கெடையாதா?"

"இருக்குதுங்க பெரியப்பா. ஆனா லேபிளு உள்பக்கம் இருக்குது. களட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப மாட்டறதுக்கு முன்னாலயே நோட்டுல எழுதோணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு நீளமான பழைய நோட்டை எடுத்து வந்தார்.

அது டயர் நோட்டு. பத்து சக்கர லாரிக்கு முன்னால் இரண்டு, பின்னால் எட்டு, ஸ்டெப்னி ஒன்று. ஒவ்வொரு டயருக்கும் ஒரு வரி. டயரின் நம்பர், கம்பெனி, வாங்கிய கடை, தேதி, மாட்டிய இடம், அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர், ரீட்ரேடிங் செய்த தேதி, பஞ்சர் ஒட்டிய தேதி எல்லாம் இருந்தன. டயரை இடம் மாற்றினால் பழைய வரியை அடிக்காமல் புது வரி எழுதியிருந்தார். பெங்களூரு ரோட்டில் நடு இரவில் டிரைவர் போன் செய்து "பின்னால் இடது பக்கம் உள் டயர்" என்றால், அது எந்த டயர், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, கம்பெனியில் மாற்றிக் கேட்கலாமா என்பதை அவர் வீட்டிலிருந்தே சொல்லிவிடுவார்.

பொறியியல் படித்த எனக்கு அந்த நோட்டில்தான் விடை இருந்தது. திங்கட்கிழமை முதல் வேலையாக எங்கள் டிஸ்க்குகளுக்கு ஒரு நோட்டுப் போட்டேன்.

டிஸ்க் பதிவேட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

ஒரு டிஸ்க்குக்கு ஒரு வரி. அதில் கீழ்க்கண்டவை இருக்க வேண்டும்.

1. எந்த சர்வர், அதில் எத்தனையாவது இடம். இடத்தை இடமிருந்து எண்ணுகிறோமா, மேலிருந்து எண்ணுகிறோமா என்பதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும்.

2. சீரியல் நம்பர். டிஸ்க் எங்கே போனாலும் மாறாமல் கூடவே வரும் அடையாளம் இதுதான்.

3. கம்பெனி, முழு மாடல் நம்பர். கடைசி எழுத்து வரை எழுத வேண்டும்.

4. பர்ம்வேர் பதிப்பு. டிஸ்க்குக்குள்ளேயே இருந்து அதனை இயக்கும் சிறிய சாப்ட்வேரின் பெயர்தான் பர்ம்வேர்.

5. வாங்கிய தேதி, பில் நம்பர், வாரன்டி முடியும் தேதி, மாட்டிய தேதி.

6. அதில் என்ன இருக்கிறது.

7. நடந்தவை. பிழைச் செய்தி வந்த நாள், இடம் மாற்றிய நாள், கழற்றிய நாள், காரணம்.

முழு மாடல் நம்பர் ஏன் தேவை என்று கேட்கலாம். 2020 ஏப்ரலில் வெளிவந்த ஒரு செய்தி இதற்குப் பதில் தரும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'ரெட்' வகை டிஸ்க்குகளில் சில, ஓடு வேய்வது போலத் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று சற்றுப் படியும்படி எழுதும் 'எஸ்எம்ஆர்' முறையில் தயாரானவை என்பது அப்போது தெரிய வந்தது. ரெய்ட் தொகுப்பில் புது டிஸ்க்கை மாட்டி மீட்கும்போது இவை மிகவும் மெதுவாக இயங்கின. 4 டெரா பைட் ரெட் டிஸ்க் ஒன்றின் மாடல் நம்பர் இஎப்ஆர்எக்ஸ் என முடியும். அது பழைய முறை. இன்னொன்றின் மாடல் நம்பர் இஎப்ஏஎக்ஸ் என முடியும், அதுதான் எஸ்எம்ஆர். பெயரும் அளவும் இரண்டிலும் ஒன்றே. ஓர் எழுத்துதான் வேறுபாடு. "4 டெரா பைட் ரெட்" என்று மட்டும் எழுதி வைத்திருந்தவர்கள் கம்ப்யூட்டரைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பர்ம்வேர் பதிப்பையும் மாட்டிய தேதியையும் ஏன் எழுத வேண்டும்? 2019 நவம்பரில் எச்பி என்டர்பிரைஸ் நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதன் சில எஸ்எஸ்டி டிஸ்க்குகள், பர்ம்வேரில் இருந்த பிழையால், சரியாக 32,768 மணி நேரம் ஓடியவுடன் நின்றுவிடும் என்றது அது. அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். நின்ற பிறகு டிஸ்க்கும் போகும், தரவுகளும் போகும். பர்ம்வேரைப் புதுப்பித்தால் பிழைத்துக் கொள்ளலாம். ஒரே நாளில் நான்கு டிஸ்க்குகளை வாங்கி ஒரே நாளில் மாட்டியவருக்கு நான்கும் ஒரே நேரத்தில் நின்றிருக்கும். ரெய்ட் அங்கே உதவாது. பதிவேடு வைத்திருந்தவர் அதனைத் திறந்து பார்த்த உடனேயே, தன்னிடம் அந்த வகை டிஸ்க் இருக்கிறதா, எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்பதைத் தெரிந்து கொண்டிருப்பார்.

இந்த விவரங்களை எங்கிருந்து எடுப்பது?

டிஸ்க்கை மாட்டுவதற்கு முன் அதன் லேபிளை மொபைல் போனில் ஒரு படம் எடுத்துக் கொள்ளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். லினக்ஸில் எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளை, மாட்டியுள்ள டிஸ்க்குகளின் பெயர், அளவு, மாடல், சீரியல் நம்பர் ஆகியவற்றைப் பட்டியலிட்டுத் தரும். ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளை பர்ம்வேர் பதிப்பு, எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை பிழைகள் வந்தன என்பதையும் காட்டும்.

எங்கள் ஆபீஸில் இப்போது டிஸ்க்கின் சீரியல் நம்பரில் கடைசி நான்கு எழுத்துகளைச் சிறு ஸ்டிக்கரில் எழுதி, டிஸ்க் செருகும் டிரேயின் வெளிப்பக்கம் ஒட்டிவிடுகிறோம். கழற்றும் முன், அந்த இடத்தின் விளக்கை மட்டும் சிமிட்டச் செய்யும் கட்டளையைக் கொடுத்துப் பார்க்கிறோம். நோட்டு, ஸ்டிக்கர், விளக்கு மூன்றும் ஒரே டிஸ்க்கைக் காட்டினால்தான் கை வைப்போம். அப்போதும் இருவர் சேர்ந்துதான்.

இன்னொரு விஷயம். பதிவேட்டை அந்த சர்வரிலேயே வைக்கக் கூடாது. சர்வர் நின்றால் பதிவேடும் அதனோடு நின்றுவிடும். எங்கள் பதிவேட்டின் ஒரு பிரிண்ட், ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டப்பட்டிருக்கிறது. இன்னொரு நகல் வேறு இடத்தில் இருக்கிறது.

எவ்வளவு டிஸ்க் வாங்குவது? ஒரு கணக்கு

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு தரவுகளை ஒரே சர்வரில் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். 'செப்' என்ற இலவச சாப்ட்வேர் உண்டு. அது ஒவ்வொரு பைலையும் மூன்று நகல்களாக்கி, மூன்று சர்வர்களில் ஒவ்வொன்றாக வைக்கும். ஒரு சர்வரே எரிந்து போனாலும் மற்ற இரண்டில் நகல்கள் இருக்கும்.

முதலில் தேவையைக் கணக்கிட்டோம். நாள் ஒன்றுக்குச் சுமார் 3,000 லாரி ரசீதுகள். ஸ்கேன் செய்த ரசீது ஒன்று 400 கேபி. சரக்கு இறக்கியதற்கு அடையாளமாக டிரைவர் மொபைலில் எடுத்து அனுப்பும் படம் ஒன்று 2 எம்பி. ஆக நாள் ஒன்றுக்கு 7.2 ஜிபி. ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 2.16 டெரா பைட். ஐந்து ஆண்டுகளுக்கு 10.8 டெரா பைட். ஏற்கனவே இருப்பது 1.5. மொத்தம் 12.3 டெரா பைட்.

மூன்று சர்வர்கள், ஒவ்வொன்றிலும் 4 டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டெரா பைட். மொத்தம் 48 டெரா பைட். மூன்று நகல் என்பதால் மூன்றால் வகுத்தால் 16. டிஸ்க் 85 சதவீதம் நிறைந்தவுடனேயே செப் எச்சரிக்கை தரும். 16ல் 85 சதவீதம் 13.6. நமக்குத் தேவை 12.3 தானே, போதும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

ஆனால் ஒரு டிஸ்க் கெட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு சர்வரில் நான்கு டிஸ்க்குகளும் 85 சதவீதம் நிறைந்திருக்கின்றன. ஒன்று போய்விட்டது. அதிலிருந்த 85 பங்கை மற்ற மூன்றும் பகிர்ந்து கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 28. 85ம் 28ம் சேர்ந்தால் 113. நூறு பிடிக்கும் பாத்திரத்தில் 113ஐ எப்படி ஊற்றுவது? அதுவே 60 சதவீதம் மட்டும் நிரப்பியிருந்தால், கூடுதலாக 20 சேர்ந்து 80ல் நின்றுவிடும். சிக்கல் இல்லை.

எனவே 60 சதவீதம் என்பதுதான் எங்கள் எல்லை. 16ல் 60 சதவீதம் 9.6. எங்கள் தேவைக்குப் போதாது. 6 டெரா பைட் டிஸ்க் என்றால் மொத்தம் 72, மூன்றில் ஒரு பங்கு 24, அதில் 60 சதவீதம் 14.4. இதுதான் சரி. 12 டிஸ்க்குகளோடு ஸ்டெப்னியாக இரண்டும் சேர்த்து 14 வாங்கினோம். எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கவில்லை. மூன்று தவணையாக வாங்கி, ஒரு தவணையில் வந்தவற்றை ஒரே சர்வரில் மாட்டினோம். ஒரு தவணை முழுவதிலும் தயாரிப்புக் கோளாறு இருந்தாலும் ஒரு நகல்தான் போகும்.

டிஸ்க் எப்போது கெடும்?

2007ல் கூகுள் பொறியாளர்கள் மூவர், தங்கள் நிறுவனத்தில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். முதல் ஆண்டில் 100க்கு 1.7 டிஸ்க்குகள் கெட்டன. மூன்றாம் ஆண்டு டிஸ்க்குகளில் 100க்கு 8க்கும் மேல். டிஸ்க் தன்னைத்தானே சோதித்து முதல் 'ஸ்கேன் பிழை'யைச் சொல்லிவிட்டால், அடுத்த 60 நாட்களுக்குள் அது கெடும் வாய்ப்பு பிழையில்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம் என்றனர். இன்னொன்றும் சொன்னார்கள். கெட்டுப் போன டிஸ்க்குகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல், எந்த எச்சரிக்கையும் தராமலேயே கெட்டன.

பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2013 முதல் தன் டிஸ்க்குகள் பற்றிய கணக்கை வெளியிட்டு வருகிறது. 2024ல் 100க்கு 1.57 டிஸ்க்குகள் கெட்டதாக அது கூறியது. இந்த வேகத்தில் பார்த்தால் எங்களுடைய 12 டிஸ்க்குகளில் ஐந்தாண்டுகளில் ஒன்றாவது கெடும் என்று எதிர்பார்க்க வேண்டும்.

அது 2024லேயே வந்தது. இரண்டாவது சர்வரில் ஒரு டிஸ்க் படிப்பதில் பிழை காட்டியது. பதிவேட்டைத் திறந்தோம். மூன்றாவது இடம், சீரியல் நம்பர் பொருந்தியது, விளக்குச் சிமிட்டியது, ஸ்டிக்கரும் ஒத்தது. பத்து நிமிடத்தில் ஸ்டெப்னி டிஸ்க்கை மாட்டினோம். டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்களில் யாருக்கும் தெரியாது. அன்றும் சனிக்கிழமைதான்; பேட்டா அன்றே கிடைத்தது. வாரன்டி முடிய 40 நாட்கள் இருப்பதும் நோட்டில் இருந்ததால், கெட்ட டிஸ்க்குக்குப் பதில் வேறொன்றும் கிடைத்தது.

ரெய்டும் மூன்று நகலும் பேக்கப் ஆகாது

இதனைப் பலர் தவறாகப் புரிந்து கொண்டிருக்கிறார்கள். மூன்று நகல் இருந்தாலும், நீங்கள் ஒரு பைலை அழித்தால் மூன்றிலும் அதே நொடியில் அழிந்துவிடும். பேக்கப் என்பது தனியாக, வேறு இடத்தில், வேறு டிஸ்க்கில் இருக்க வேண்டும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஒரு பொறியாளர், இரண்டாவது சர்வர் என்று நினைத்து முதல் சர்வரில் இருந்த தரவுகளை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பேக்கப் எடுக்கும் ஏற்பாடுகள் பல இருந்தும், அவசரத்துக்கு எடுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவை வேலை செய்யவில்லை. தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகலைக் கொண்டு மீட்டனர். சுமார் 6 மணி நேரத் தரவுகள் திரும்பவில்லை. எது எது என்பதில் ஏற்படும் குழப்பம் பெரிய நிறுவனத்தையும் விடுவதில்லை. பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒரு முறை அதிலிருந்து ஒரு பைலைத் திறந்து பார்க்கவும் வேண்டும்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு

இனி உங்கள் லேப்டாப்பைப் பார்ப்போம். வேண்டியது ஒரு 20 ரூபாய் நோட்டும் அரை மணி நேரமும்தான்.

முதலில் அளவு. 512 ஜிபி என்று சொல்லி விற்ற டிஸ்க் விண்டோஸில் 476 ஜிபி என்றும், 1 டெரா பைட் 931 ஜிபி என்றும் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனிகள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகின்றன. விண்டோஸ் 1,024ஆகக் கணக்கிடுகிறது. அவ்வளவுதான். நோட்டில் இரண்டையும் எழுதிக் கொள்ளுங்கள்.

அடுத்து அடையாளம். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்போ' என்ற இலவச சாப்ட்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி இயக்கவும். டிஸ்க்கின் மாடல், சீரியல் நம்பர், பர்ம்வேர், எத்தனை மணி நேரம் ஓடியது, அதன் ஆரோக்கியம் எப்படி என்பதெல்லாம் ஒரே திரையில் தெரியும். அப்படியே நோட்டில் எழுதுங்கள். பில்லை ஒரு படம் எடுத்து மொபைலில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மீண்டும் பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். ஆரோக்கியம் 'நன்று' என்பதிலிருந்து 'எச்சரிக்கை' என மாறினால் அன்றே பேக்கப் எடுத்துவிட்டு, புது டிஸ்க் வாங்கத் தயாராகுங்கள்.

மூன்றாவது பூட்டு. விண்டோஸ் 11 உள்ள பல புதிய லேப்டாப்களில், உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்தவுடன் டிஸ்க் தானாகவே சங்கேத முறையில் பூட்டப்படுகிறது. லேப்டாப் பழுதாகி, டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் எதையும் படிக்க முடியாது. உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்து அந்த எண்ணைப் பார்க்கலாம். அதனைத் தாளில் எழுதிப் பத்திரமாக வையுங்கள். அந்த லேப்டாப்பிலேயே எழுதி வைக்க வேண்டாம். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போலாகிவிடும்.

நான்காவது பேக்கப். வெளியே இணைக்கும் டிஸ்க் ஒன்று வாங்கி, குடும்பப் படங்கள், சான்றிதழ்கள், கணக்குகள் ஆகியவற்றை நகல் எடுங்கள். அதன் மேல் ஒரு ஸ்டிக்கரில் பெயர் எழுதி ஒட்டுங்கள். அதில் என்ன இருக்கிறது, கடைசியாக எப்போது நகல் எடுத்தீர்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள். வீட்டில் ஒரே மாதிரி இரண்டு கறுப்பு டிஸ்க்குகள் இருந்தால் இது மிக அவசியம். "காலி டிஸ்க்தானே" என்று நினைத்துப் பார்மட் செய்து, குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை இழந்தவர்கள் உண்டு.

என் பெரியப்பா கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஆனால் எந்த டயர் எங்கே ஓடுகிறது என்பதை முப்பது ஆண்டுகளாக எழுதி வருகிறார். போன தீபாவளிக்கு என் தங்கை ஒரு லேப்டாப் வாங்கினாள். பெட்டியைப் பிரிக்கும் முன் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "நோட்டுப் போட்டாச்சா கண்ணு?" என்பதுதான்.

உங்களிடமும் அதையே கேட்கிறேன். இன்று மாலை கம்ப்யூட்டரைத் திறந்ததும், முதலில் அதன் டிஸ்க் சீரியல் நம்பரை ஒரு நோட்டில் எழுதிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.